குழியில கெடக்கறதும் என் கார்டுதான்

நம்ம ஞாயித்துக்கெழமை மேஜிக் கார்டு கேம் செட்டுல ஒரு வாரமா ஒரே பேச்சு, கிரேவ்யார்ட் காம்போ டெக்கை, அதாவது தூக்கிப் போட்ட கார்டை வச்சே ஒரே டர்ன்ல ஆட்டத்த முடிக்கற டெக்கை, வீட்டு மேட்ச்ல தடை பண்ணிரலாம்னு. ரொம்ப நேரம் இழுக்குது, எதிராளிக்கு வேலையே இல்லங்கறாங்க. வாட்ஸ்அப்ல ஓட்டெடுப்பும் போட்டாச்சு. அங்க நாலு வரில சொன்னா சண்டை மாதிரி ஆயிரும், அதனால இங்க நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க. தடை வேண்டாம்ங்கறதுதான் என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

விளையாடாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். மேஜிக் தி கேதரிங்னு ஒரு கார்டு கேம், ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்குனது, 1993-ல வந்துச்சு. ஆளுக்கு 60 கார்டு டெக், 20 லைஃப், லைஃப் பூஜ்யம் ஆனா தோல்வி. இன்னும் எடுக்காத கட்டுக்குப் பேரு லைப்ரரி. கார்டு போட குடுக்கற விலை மனா, லேண்டு கார்டை சாய்ச்சா, அதாவது தட்டுனா, அது வரும். ஸ்பெல்னா மனா குடுத்துப் போடற மந்திரம், கிரியேச்சர்னா சண்டை போடற ஜந்து. போட்டு முடிச்ச ஸ்பெல், செத்துப்போன கிரியேச்சர், கையில இருந்து தூக்கிப்போட்டது எல்லாம் ஒரு ஓரமா நிமிர்த்தி அடுக்கி வைப்போம், அதுக்குப் பேரு கிரேவ்யார்ட். மொதல்ல நாங்க சுடுகாடுன்னுதான் சொல்லிட்டு இருந்தோம், எங்க பாட்டி ஒரு நாள் வெளக்கு வச்ச நேரத்துல சுடுகாடு சுடுகாடுன்னு என்னடா பேச்சுன்னு சத்தம் போட்டாங்க, அன்னைலருந்து எங்க செட்டுல அது "குழி". குழில எத்தன, குழிய காட்டு, இப்படித்தான் பேசுவோம்.

மத்த டெக்குல குழிக்குப் போனது போனதுதான். கிரேவ்யார்ட் டெக்குல ஆட்டமே அங்கதான் ஆரம்பிக்குது. இது எனக்கு ஏன் இவ்ளோ புடிச்சுதுன்னு யோசிச்சா எங்க அப்பா பட்டறைதான் ஞாபகம் வருது. எங்களுக்கு சேலம் செவ்வாய்பேட்டை, அப்பாவுக்கு வெள்ளிக் கொலுசு வேலை. சாயங்காலம் வேலை முடிஞ்சதும் பலகைக்கு அடியில, தரையில, மூலையில எல்லாம் சின்ன பிரஷ் வச்சு அப்பா கூட்டுவாரு, அரம் போட்ட தூளு, வெட்டுன துணுக்கு, மண்ணு, முடி எல்லாம் சேந்து ஒரு டப்பால போவும். பாத்தா குப்பை. ஆனா ஒரு சிட்டிகை கூட வெளிய கொட்ட மாட்டாரு, கை கழுவுன தண்ணிய கூட தனியா புடிச்சு வைப்பாரு, ஏன்னா அதுல வெள்ளி இருக்கு, சேத்து உருக்குனா காசு. நான் சின்னப் பையனா இருக்கப்போ அந்த டப்பாவ ஒரு தடவ தெரியாம வாசல்ல கவுத்துட்டேன், அப்பா அடிக்கல, பேசாம உக்காந்து அந்த எடத்து மண்ணையே அள்ளுனாரு. அதப் பாத்து வளந்தவனுக்கு தூக்கிப் போட்ட கார்டை எண்ணி எண்ணி விளையாடற டெக்கு மேல ஆசை வந்ததுல ஆச்சரியம் இல்ல.

இது என்னமோ நேத்து வந்த ஏமாத்து வேலைன்னு நெனைக்கறவங்களுக்கு ஒன்னு சொல்றேன். கேமோட முதல் கார்டு வெளியீட்டுலயே, 1993-லயே, அனிமேட் டெட்னு கார்டு இருக்கு, ரெண்டே மனால குழில கெடக்கற கிரியேச்சரை மேல எழுப்பிக் கொண்டு வரும். 1997-ல ரீஅனிமேட் வந்துச்சு, ஒரே மனா, ஆனா எழுப்புற ஜந்தோட மனா விலை எவ்ளோவோ அவ்ளோ லைஃப் நமக்குப் போவும். 2001-ல என்டூம், லைப்ரரில தேடி ஒரு கார்டை நேரா குழிக்கு அனுப்பும். 2005-ல ராவ்னிகாங்கற வெளியீட்டுல ட்ரெட்ஜ் வந்துச்சு, அது தனி உலகம், கார்டு ட்ரா பண்றதுக்கு பதிலா லைப்ரரி மேல இருந்து கொத்தா குழிக்குத் தள்ளிட்டு பழைய கார்டை கைக்கு எடுத்துக்கறது, கோல்காரி கிரேவ் ட்ரோல்லாம் ஒரே தடவைல 6 கார்டு தள்ளும். ஆக ரிச்சர்ட் கார்ஃபீல்ட் போட்ட அஸ்திவாரத்துலயே குழி இருக்கு.

எல்லை மீறுன டெக் வந்ததே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். எந்தெந்த கார்டு வைக்கலாம்ங்கற விதி வகைதான் ஃபார்மேட், அதுல மாடர்ன்ங்கற ஃபார்மேட்டுல அந்த ட்ரோலை 2011-ல தடை பண்ணி, 2015-ல விட்டு, 2017-ல திரும்ப தடை பண்ணாங்க. 2019-ல ஹோகாக்னு ஒரு ஜந்து வந்து மாடர்னையே சாப்ட்டுச்சு, மொதல்ல கூட சேந்து ஆடுன பிரிட்ஜ் ஃப்ரம் பிலோவை ஜூலைல தடை பண்ணாங்க, அது பத்தல, ஆகஸ்ட்ல ஹோகாக்கையும் ஃபெய்த்லெஸ் லூட்டிங்கையும் சேத்து எடுத்தாங்க. 2024 கடைசில லூட்டிங்கை திரும்ப விட்டுட்டாங்க. பாருங்க, குழியவே யாரும் தடை பண்ணல, எந்த கார்டு கெடுக்குதோ அத மட்டும் தேடி எடுத்தாங்க. நம்மளும் அப்படித்தான் பேசணும், மொத்தமா கதவ சாத்தக் கூடாது.

இப்ப என் டெக்குக்கு வரேன். நம்ம விளையாடறது பாப்பர்ங்கற ஃபார்மேட், காமன், அதாவது சுலபமா கெடைக்கற வகை கார்டு மட்டும்தான் வைக்கலாம், 2019-லருந்து கார்டு கையில வச்சு ஆடறதுக்கும் ஆன்லைனுக்கும் ஒரே சட்டம். சேலத்துல உக்காந்துட்டு மாச சம்பளத்துல ஆடறவனுக்கு இதவிட நல்ல ஃபார்மேட் கெடையாது. என்னோடது சைக்கிள் ஸ்டார்ம். 34 கிரியேச்சர், ஆனா ஒன்னக் கூட மேசைல எறக்கி சண்டை போட மாட்டேன். எல்லாத்துலயும் சைக்கிளிங் இருக்கு, ஒரு மனா குடுத்தா அந்த கார்டு குழிக்குப் போவும், பதிலுக்கு வேற கார்டு கைக்கு வரும். ஆர்க்கிடெக்ட்ஸ் ஆஃப் வில், ஹாரர் ஆஃப் தி ப்ரோக்கன் லேண்ட்ஸ், மான்ஸ்ட்ரஸ் காரபிட், இந்த மாதிரி. 2023-ல வந்த ட்ரோல் ஆஃப் கசாத் தூம் ஸ்வாம்ப்பை, அதாவது கருப்பு மனா தர்ற லேண்டை, தேடிக் குடுக்கும், தானும் குழில போய் உக்காந்துக்கும், இந்த டெக்குக்கு அது வரம்.

குழி ரொம்புனதும் சாங்ஸ் ஆஃப் தி டேம்ன்ட். 1995 ஐஸ் ஏஜ் கார்டு, ஒரு கருப்பு மனா, குழில எத்தன கிரியேச்சரோ அத்தன கருப்பு மனா தரும். அதுக்கப்புறம் ரீப்பிங் தி கிரேவ்ஸ், குழில இருந்து கிரியேச்சரை திரும்ப கைக்கு எடுக்கும், ஸ்டார்ம் இருக்கறதால அந்த டர்ன்ல முன்னாடி எத்தன ஸ்பெல் போட்டிருக்கோ அத்தன காப்பி. எடுத்தத திரும்ப சைக்கிள் பண்ணு, திரும்ப ட்ரா பண்ணு. கடைசில ஹாண்டிங் மிஸரி, குழில இருந்து எத்தன கிரியேச்சரை எக்ஸைல் பண்றமோ, அதாவது ஆட்டத்த விட்டே நீக்கறமோ, எதிராளிக்கு அத்தன டேமேஜ். 20 இருந்தா ஆட்டம் முடிஞ்சுது.

டெக் கட்டறப்ப நான் கத்துக்கிட்டது ஒன்னு, புதுசா கட்டறவங்க கண்டிப்பா கேளுங்க. மொத டெக்குல டெட்ஷாட் மினோட்டார் 4 வச்சிருந்தேன், ஒரே மனா சைக்கிளிங்தானே, கூட செவப்பு மனா தர்ற லேண்டு நாலு மவுண்டனும் இருக்கேன்னு. ஒரு மேட்ச்ல சாங்ஸ் போட்டு 11 மனா நிக்குது, கையில ரெண்டு மினோட்டார், அதோட சைக்கிளிங்குக்கு செவப்போ பச்சையோ வேணும், சாங்ஸ் தர்றது எல்லாமே கருப்பு, மவுண்டன் ஒன்னுமே எறங்கல. 11 மனாவும் அப்படியே கரைஞ்சு போச்சு, அடுத்த டர்ன்ல தோத்தேன். ராத்திரியே மினோட்டாரையும் மவுண்டனையும் வெளிய எடுத்தேன். கருப்பு மனாவாலயோ எந்த நிற மனாவாலயோ சைக்கிள் ஆகற கார்டு மட்டும் வைங்க. இன்னொன்னு, சைக்கிள் பண்றது ஸ்பெல் போடற கணக்கு இல்ல, ஸ்டார்ம்ல சேராது, இத நெறைய பேரு தப்பா எண்றாங்க.

இப்ப ஓட்டெடுப்பு எங்கருந்து வந்துச்சோ அந்த மேட்ச். போன மாசம் ஏற்காட்டுல நம்ம செட்டு தம்பி ஒருத்தனோட எஸ்டேட் வீட்ல உக்காந்தோம், எனக்கு எதிராளி அவன்தான். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வண்டிய நிறுத்தறப்பவே மூஞ்சில மஞ்சு அடிக்குது, திண்ணைல உக்காந்தா எதுக்கால சில்வர் ஓக் மரம் தெரியல. ஈரத்துல கார்டு போடற உறை, ஸ்லீவ், ஒன்னோடொன்னு ஒட்டிக்குது, ஃபாயில் கார்டெல்லாம் வாழ இலை வாடுன மாதிரி வளைஞ்சிருச்சு. அவங்க அம்மா எங்களுக்கு மனா எண்றதுக்கு ஒரு கிண்ணத்துல பச்சக் காப்பிக்கொட்டை குடுத்தாங்க.

அஞ்சாவது டர்ன். என் முன்னாடி 4 ஸ்வாம்ப், குழில 9. ஒரு ஸ்வாம்ப்ல டார்க் ரிச்சுவல் போட்டேன், ஒரு மனாவுக்கு மூணு தர்ற ஸ்பெல், மூணு கொட்டை. அதுல ஒன்னுல சாங்ஸ், மிச்சம் ரெண்டு, குழில இருந்து ஒம்போது, 11 கொட்டை மேசைல. மிச்சம் மூணு ஸ்வாம்ப்பையும் தட்டி 14. கையில இருந்த நாலையும் சைக்கிள் பண்ணேன், வந்ததுல மூணு கிரியேச்சர், ஒரு சாங்ஸ். அந்த மூணையும் சைக்கிள் பண்ண குழில 16, கொட்டை 7. ரெண்டாவது சாங்ஸ், ஒரு கொட்டை போய் 16 வந்து 22. தம்பி கொட்டைய நகத்தறத நிறுத்திட்டு சும்மா பாத்துட்டு இருந்தான். இன்னொன்னு சைக்கிள் பண்ணேன், அப்புறம் ரீப்பிங், அந்த டர்ன்ல முன்னாடி மூணு ஸ்பெல், ஒரிஜினலோட சேத்து நாலு கிரியேச்சர் கைக்கு. அப்பத்தான் குழில 17-லருந்து 13-க்கு எறங்குது, அந்த எடத்துல எத்தன தடவ ஆடுனாலும் எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கும், ஏன்னா திரும்ப சைக்கிள் பண்ண மனா பத்தலைன்னாலோ வர்ற கார்டு எல்லாம் ஸ்வாம்ப்பா வந்தாலோ கதை முடிஞ்சுது. நாலையும் சைக்கிள் பண்ணேன், ரெண்டு வந்துச்சு, அதையும் பண்ணேன், ஒன்னு வந்துச்சு. 20. மிஸரி.

பத்து நிமிஷம் ஆச்சுன்னு அவன் சொன்னான், நெசம்தான். அவன் கோவமும் நெசம். "நான் எதுக்குண்ணா எதுக்கால உக்காந்திருக்கேன்"னு கேட்டான் பாருங்க, அந்தக் கேள்விய நான் ஒதுக்கல. அதுக்கு என் பதில் ரெண்டு.

ஒன்னு, நேரம். இது காம்போ ஆடறவன் தீத்து வைக்க வேண்டிய கடன். மேசைக்கு வர்றதுக்கு முன்னாடி தனியா உக்காந்து கோல்ட்ஃபிஷ் பண்ணணும், எதிராளி இல்லாம டெக்கை மட்டும் ஓட்டிப் பாக்கணும். அந்த மேட்ச்சுக்கு அப்புறம் தெனமும் ராத்திரி அஞ்சு கை ஓட்டறேன். இப்ப அதே டர்ன் நாலு நிமிஷத்துல முடியுது, மனாவும் ஸ்டார்ம் கணக்கும் சத்தமா சொல்லிட்டே ஆடறேன். மொதல் தடவையா டெக்கை தூக்கிட்டு வந்து மேசைல வச்சு யோசிக்கறவன திட்டுங்க, நானும் சேந்து திட்டறேன்.

ரெண்டு, எதிராளிக்கு வேலையே இல்லைங்கறது. இதத்தான் நான் ஒத்துக்கவே மாட்டேன். கையில இருக்கறது ஒளிவு, லைப்ரரில இருக்கறது ஒளிவு, ஆனா குழி தெறந்து கெடக்கு. எப்ப வேணும்னாலும் என் குழிய எடுத்துப் பாக்கலாம், எண்ணலாம், நான் தடுக்க முடியாது. அஞ்சு டர்னா நான் என்ன சேக்கறேன்னு உங்க கண்ணு முன்னாடி நிமிந்து இருக்கு. இவ்ளோ வெளிப்படையா ஆடற டெக் வேற எது சொல்லுங்க.

தடுக்கற கார்டும் காமன்லயே கொட்டிக் கெடக்கு. ரெலிக் ஆஃப் ப்ரோஜெனிட்டஸ் ஒரு மனா, ஒரு மனா குடுத்து அத எக்ஸைல் பண்ணா எல்லார் குழியும் காலி, கூட ஒரு கார்டு ட்ரா. நிஹில் ஸ்பெல்பாம்ப் இருக்கு. பொஜூக்கா பாக் வெறும் லேண்டு, எறங்குனாலே ஒருத்தர் குழி காலி. ஃபேரி மக்காபர் மனாவே கேக்காது, கையில இருந்து தூக்கிப் போட்டா குழில இருந்து ரெண்டு கார்டு போயிரும். எதிராளி ஸ்பெல்லை செல்லாம ஆக்கற சாதாரண கவுன்டர்ஸ்பெல் கூட போதும், மிஸரிக்கு நான் 20 கிரியேச்சரை எக்ஸைல் பண்றது முன்னாடியே குடுக்கற விலை, அத கவுன்டர் பண்ணா டேமேஜும் இல்ல, கார்டும் திரும்பாது. தம்பியோட சைட்போர்டை, ஒரு கேம் முடிஞ்சதும் டெக்குல மாத்திக்க வைக்கற 15 கார்டை, அன்னைக்கு நான் பாத்தேன். குழியத் தொடற கார்டு ஒன்னு கூட இல்ல. ரெண்டாவது கேமுக்கு அவன் டெக்குல எதையுமே மாத்தல.

அதே நாள் சாயங்காலம் நம்ம செட்டு ஃபேர்லேண்ட்ஸ் ஏரியா அண்ணாவோட ஆடுனேன். அவரு மொத டர்ன்லயே ரெலிக் எறக்கிட்டு, அப்புறம் எந்த டர்ன்லயும் ஒரு லேண்டை தட்டாமயே வச்சிருந்தாரு. குழில 10 சேத்து, இனி பொறுக்க முடியாதுன்னு சாங்ஸ் போட்டேன். அவரு ஒரு வார்த்த பேசல, அந்த ஒரு லேண்டை தட்டுனாரு, ரெலிக்கை எடுத்து ஓரமா வச்சாரு. சாங்ஸ் நடக்கறப்பத்தான குழிய எண்ணும், எண்ணுனா பூஜ்யம். 10 கார்டும் கேமை விட்டே போச்சு. தோத்தேன், ஆனா அதுதான் அன்னைக்கு நான் ஆடுனதுலயே நல்ல மேட்ச், அவரு எப்ப அந்த லேண்டை தட்டுவாருன்னு நானும், நான் எப்ப பொறுமைய விடுவேன்னு அவரும் ஆறு டர்னு ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டே ஆடுனோம். தடை பண்ணா இந்த மாதிரி ஒரு மேட்ச் நம்ம மேசைல நடக்கவே நடக்காது, எல்லாரும் கிரியேச்சர் எறக்கி முட்டிக்கிட்டே இருப்போம்.

காசு பத்தி கேக்கறவங்களுக்கு, நம்ம வீட்டு மேட்ச்ல ப்ராக்ஸி போட்டுக்கலாம்னு எப்பவோ பேசி முடிச்சாச்சு. பேப்பர்ல பிரிண்ட் எடுத்து ஸ்வாம்ப் கார்டுக்கு முன்னாடி வச்சு ஸ்லீவ்ல போட்டா போதும். அதிகாரபூர்வ போட்டில அது செல்லாது, அது வேற விஷயம். கார்டு இல்லங்கற காரணம் யாருக்கும் வரக் கூடாது.

இந்த ஞாயிறு எங்க வீட்டு மொட்டமாடில, சாயங்காலம் நாலு மணி. தட்டுவடை செட் வாங்கி வைக்கறேன், ஆனா தின்ன கையோட கார்டைத் தொடாதீங்க, போன தடவ பீட்ரூட் கறை ஸ்லீவ்ல இன்னும் போவல. என்கிட்ட ரெலிக் 4 இருக்கு, தம்பிக்கு ரெண்டு தரேன், அவன் டெக்கு சைட்போர்டுல போட்டுக்கட்டும். மூணு கேம் என்னோட ஆடட்டும், ஆடி முடிச்சப்புறம் ஓட்டு போடுங்க, அது வரைக்கும் அந்த வாட்ஸ்அப் ஓட்டெடுப்ப யாராச்சும் நிறுத்தி வைங்க.