‘ஒண்ணுமில்லை’ என்ற சொல்லும் என் வலது கண்ணும்

கண்ணில் பூச்சி பறப்பதைப் பற்றிப் போன மாதம் இங்கே நாலு வரி எழுதினேன். அதற்குப் பிறகு உள்பெட்டியில் ஒரே கேள்விதான்: "ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?" ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. அதனால் என் கதையை முழுசாக இங்கேயே எழுதிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, புத்தகங்களுக்கு ப்ரூஃப் பார்க்கிறவள். வயது 54. காலேஜ் காலத்திலிருந்து மைனஸ் ஆறு கண்ணாடி.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு சித்திரை மாதக் காலை. மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியை விரித்துக் கூழ்வடாம் பிழிந்துகொண்டிருந்தேன். வடாத்தின் மேல் கொசு மாதிரி ஏதோ பறந்தது. கையால் ஓட்டினேன். போய்விட்டுத் திரும்ப வந்தது. மறுபடியும் ஓட்டினேன். அடுத்த மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண், "என்னக்கா, சும்மா காத்தை அடிச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்ட பிறகுதான் வானத்தைப் பார்த்தேன். வானத்திலும் அது இருந்தது. அறுந்துபோன ஜிலேபித் துண்டு ஒன்று, அதைச் சுற்றி மிளகைப் பொடித்துத் தூவியது போல் புள்ளிகள்.

ராத்திரி விளக்கை அணைத்ததும் வலது கண்ணின் ஓரத்தில் வில் போல ஒரு வெளிச்சம் வெட்டியது. வீட்டுக்காரர், "வெயிலில் நின்றதால் இருக்கும்" என்றார். சென்னையிலிருந்த மகள் போனிலேயே கத்தினாள்: "காலையில முதல் வேலையா ஆஸ்பத்திரிக்குப் போம்மா." அவள் சொன்னதுதான் சரி. இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். திடீரென்று நிறையப் பூச்சிகள், ஓரத்தில் மின்னல், ஒரு பக்கமாகத் திரை இறங்குவது போன்ற நிழல், இதில் எது வந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. விழித்திரை கிழிந்திருக்கலாம். கிழிசலோடு பிடித்துவிட்டால் லேசர் வைத்து அடைத்துவிடுவார்கள். திரையே கழன்றுவிட்டால் அது பெரிய ஆபரேஷன்.

எனக்குக் கிழியவில்லை. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியவைத்து, படுக்கப்போட்டு, கண்ணின் ஓரங்களை ஒரு கருவியால் அழுத்திப் பார்த்தார் டாக்டர். "ஜெல் பிரிஞ்சிருக்கு, அவ்வளவுதான். ஒண்ணுமில்லைம்மா. பழகிடும்."

ஜெல் என்று அவர் சொன்னது கண்ணுக்குள் நிரம்பியிருக்கும் விட்ரியஸ். சுமார் 4 மில்லி இருக்கும், ஒரு தேக்கரண்டிக்குக் குறைவு. அதில் 98, 99 சதவீதம் தண்ணீர்தான். மிச்சம் மெல்லிய நார்களும் அவற்றைப் பிடித்துவைத்திருக்கும் பசைப்பொருளும். வயதாக ஆக ஜெல் நீர்த்துப்போய், பெரும்பாலானவர்களுக்கு 50க்கு மேல் விழித்திரையை விட்டுப் பிரிகிறது. கிட்டப்பார்வைக்காரர்களுக்கு இன்னும் சீக்கிரம். அப்போது நார்கள் கட்டிக்கொண்டு மிதக்கின்றன. நாம் பார்ப்பது அவற்றின் நிழலைத்தான். வெளிச்சம் அதிகமானால் கண்மணி சுருங்கும், நிழல் கூர்மையாகும். அதனால்தான் வெள்ளைச் சுவரிலும் வானத்திலும் கம்ப்யூட்டர் திரையிலும் அது துல்லியமாகத் தெரிகிறது, சாயங்காலத்தில் சாதுவாகிவிடுகிறது. லத்தீனில் இதற்குப் ‘பறக்கும் ஈக்கள்’ என்று பெயர். நம் ஊரில் ‘பூச்சி பறக்குது’ என்கிறோம். ஓட்டிப் பார்த்தவர்கள் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்கள் போல.

சரி, பழகிடும் என்றாரே என்று காத்திருந்தேன். மின்னல் இரண்டு மாதத்தில் நின்றது. பூச்சி நிற்கவில்லை.

என் தொழிலில் அது செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். தமிழில் ஒரு புள்ளி எழுத்தையே மாற்றிவிடும். ‘பல மனிதர்கள்’ என்ற வரியில் என் பூச்சி ல-வின் தலையில் போய் உட்கார்ந்தால் ‘பல் மனிதர்கள்’. ‘கண நேரம்’ என்பது ‘கண் நேரம்’. முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு ஒரு முறை கண்டுபிடித்தேன். தலையை லேசாக அசைப்பது. புள்ளி நகர்ந்தால் என்னுடையது, நின்றால் எழுத்தாளருடையது. ஒரு பக்கத்துக்கு நூறு தடவை தலையசைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 16 பக்க ஃபாரம் ஒன்றுக்கு அரைநாள் ஆனது ஒன்றரை நாளாகியது. கழுத்துவலி தனி. புள்ளிகளைவிட மோசமானது ஒரு சாம்பல் மேகம். படிக்கிற வரியின் மேல் அழுக்குக் கண்ணாடியை நகர்த்துவது போல் வந்து நிற்கும். கண்ணைச் சுழற்றினால் விலகும், மூன்று வார்த்தை படிப்பதற்குள் திரும்பிவிடும்.

இரண்டு வருடத்தில் மூன்று டாக்டர்களிடம் போனேன். மூன்று பேரும் எழுத்துப் பலகையைக் காட்டினார்கள். கண்ணாடியோடு கடைசி வரி வரை படித்தேன். ஆறுக்கு ஆறு, அதாவது குறையில்லாத பார்வை. "ஒண்ணுமில்லைம்மா."

இந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை. டாக்டர் சொல்லும் ‘ஒண்ணுமில்லை’க்கு அர்த்தம், ஆபத்தில்லை. அது உண்மை, நல்ல சேதியும்கூட. ஆனால் நோயாளியின் காதில் அது ‘அப்படி ஒன்றும் அங்கே இல்லை’ என்று விழுகிறது. கூட வந்தவர்கள் காதிலும் அப்படித்தான். அன்றைக்குப் பிறகு வீட்டில் நான் பூச்சி என்று வாயைத் திறந்தாலே, "அதான் டாக்டரே சொல்லிட்டாரே" என்றார்கள். அண்ணன் ஒருபடி மேலே போய், "உனக்கு வேலை கம்மி, அதையே நினைச்சுக்கிட்டு இருக்கே" என்றான். "அங்கே இருக்கிறது, நானும் பார்த்தேன், ஆனால் ஆபத்தில்லை" என்று சொல்ல எத்தனை விநாடி கூடுதலாகும்? வெளியே அறுபது பேர் காத்திருக்கும் டாக்டருக்கு அந்த விநாடிகூடக் கஷ்டம் என்பதும் எனக்குத் தெரியும்.

இடையில் வைத்தியங்கள். பொன்னாங்கண்ணிக் கீரை இரண்டு மாதம், நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது, வாட்ஸ்அப்பில் வந்த விழிப் பயிற்சி. கீரைக்காரம்மாவுக்கு லாபம். பூச்சியையே உடைக்கும் லேசர் பற்றியும் விசாரித்தேன். அமெரிக்காவில் நடந்து 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், லேசர் வைத்த 36 பேரில் 19 பேர் ஆறு மாதத்தில் தொந்தரவு வெகுவாகவோ முழுசாகவோ குறைந்ததாகச் சொன்னார்கள். லேசர் வைப்பதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்ட 16 பேரில் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. அது தனித்து மிதக்கும் வளையத்துக்கு நல்லது, உங்கள் மேகத்துக்குச் சரிவராது என்று சொல்லிவிட்டார்கள்.

சொன்னவர் நாலாவது டாக்டர், திருச்சியில் விழித்திரைக்கென்றே இருக்கும் ஒரு பெரியவர். அவர் வேறொரு பலகையைக் காட்டினார். அதில் எல்லா எழுத்தும் ஒரே அளவு, ஆனால் போகப் போகக் கறுப்பு வெளுத்துக்கொண்டே போகும். இடது கண்ணால் படித்ததில் பாதிதான் வலது கண்ணால் முடிந்தது. மருந்து விட்டு உள்ளே பார்த்துவிட்டு, "ஆமாம்மா, நல்லாவே இருக்கு. இதோட எப்படிப் படிக்கிறீங்க?" என்றார். அந்த இடத்தில் அழுதுவிட்டேன். ஆபரேஷன் பற்றி அவர் இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

பிறகு சொன்னார், சுற்றி வளைக்காமல். விட்ரெக்டமி. ஜெல்லை எடுத்துவிட்டு உப்புநீர் நிரப்புவது, கொஞ்ச நாளில் கண் சுரக்கும் நீரே அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். விழித்திரை கிழியவோ கழலவோ நூற்றில் சிலருக்கு வாய்ப்புண்டு. கிருமித் தொற்று ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு, ஆனால் வந்தால் கண்ணே போகலாம். கண்புரை? "அது ரிஸ்க் இல்லம்மா, அது வரவு. உங்க வயசுக்கு ரெண்டு வருஷத்துல அநேகமா வந்துடும். அதுக்கும் சேர்த்து ரெண்டு ஆபரேஷன்னு நினைச்சுக்கிட்டு முடிவெடுங்க. அவசரமே இல்லை."

வீட்டுக்கு வந்து நாலு மாதம் யோசித்தேன். 2011-இல் சிங்கப்பூர் டாக்டர்கள் இதே தொந்தரவுள்ள 266 பேரிடம் கேட்டு எழுதிய ஆய்வு ஒன்றை மகள் அனுப்பினாள். இது தீர வேண்டுமென்றால் பார்வையே போகும் அபாயத்தை எவ்வளவு வரை ஏற்பீர்கள் என்ற கேள்விக்குச் சராசரி பதில், 7 சதவீதம். அண்ணனுக்கு அதை அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை.

இந்த ஆபரேஷனை இன்றைய வடிவில் தொடங்கிவைத்தவர் ராபர்ட் மாக்கமர் என்ற ஜெர்மன் டாக்டர், 1970-இல், அமெரிக்காவின் மயாமியில். முட்டையின் வெள்ளைக்கருவை வைத்துத்தான் கருவியைச் சோதித்தாராம். அன்றைய கருவி ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன். இன்று அரை மில்லிமீட்டர், தையல்கூடப் பெரும்பாலும் தேவையில்லை. வெண்விழியில் மூன்று துளை. ஒன்றில் நீர் உள்ளே போகும், ஒன்றில் விளக்கு, ஒன்றில் நிமிடத்துக்கு ஐயாயிரத்துக்கு மேல் வெட்டி உறிஞ்சும் கத்தி.

ஆடியில் வேண்டாம் என்றாள் அம்மா. ஆவணியில் செய்துகொண்டேன். கண்ணுக்குக் கீழே போட்ட மரப்பு ஊசிதான் வலித்தது, அதுவும் பத்து விநாடி. பிறகு அரைமணி நேரம் மோட்டார் ஓடும் சத்தம். மரத்துப்போன கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்திருந்தேன். தெரிந்தது. ஆரஞ்சு வெளிச்சத்தில் ஒரு கரிய குச்சி நிழலாக வந்தது, என் ஜிலேபித் துண்டு அதை நோக்கி இழுபட்டுப் போய் மறைந்தது. இரண்டரை வருடம் கூடவே இருந்த சனியன் போவதைக் கண்ணாரப் பார்த்த பாக்கியம் வேறு யாருக்குக் கிடைக்கும்!

மறுநாள் கட்டைப் பிரித்தபோது கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. மணல் விழுந்தது போல் உறுத்தல். பார்வையின் அடியில் ஒரு குமிழ், கொத்தனாரின் ரசமட்டத்தில் இருப்பதைப் போல, தலை சாய்க்கச் சாய்க்க உருண்டது. கடைசியில் கொஞ்சம் காற்று விட்டிருந்தார்களாம். குமிழ் உண்மையில் மேலேதான் மிதக்கிறது, பிம்பம் தலைகீழாக விழுவதால் கீழே தெரிகிறது. அது கரையும் வரை விமானம் கூடாது, மலை ஏறக் கூடாது, உயரத்தில் காற்று விரிந்து கண்ணில் அழுத்தம் ஏறும். கொடைக்கானலில் நாத்தனார் மகளின் வளைகாப்பு அப்படித்தான் போயிற்று. ஐந்தாம் நாள் குமிழ் கடுகளவாகி, ஆறாம் நாள் இல்லை.

சொட்டு மருந்து மூன்று பாட்டில். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிடம் இடைவெளி. வீட்டுக்காரர் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் அட்டவணை போட்டார். முதல் இரண்டு நாள் பாதி மருந்து கன்னத்தில்தான் விழுந்தது. பத்து நாள் தலைக்குக் குளிக்கக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, ராத்திரி பிளாஸ்டிக் மூடி. அம்மா தன் பங்குக்குக் கத்தரிக்காய், கருவாடு, பூசணி எல்லாவற்றையும் தடைசெய்தாள். டாக்டர் எதுவும் சொல்லவில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும், "அவருக்கு என்ன தெரியும்" என்றாள்.

இரண்டாவது வாரப் பரிசோதனையில் கண் அழுத்தம் 28. 21 வரை இருக்கலாம். ஸ்டீராய்டு சொட்டு சிலருக்கு இப்படிச் செய்யுமாம். மருந்தை மாற்றினார்கள், இன்னொரு சொட்டு சேர்ந்தது. அந்த ஒரு வாரம் தூங்கவில்லை. ஆறுக்கு ஆறு இருந்த கண்ணை நானே போய்க் கொடுத்துக் கெடுத்துக்கொண்டேனோ என்று படுத்துக்கொண்டே கூரையைப் பார்த்தேன். கூரை சுத்தமாக இருந்தது. அதுதான் வேடிக்கை. அடுத்த வாரம் 16.

இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்தது. காரணம், ஆபரேஷனுக்கு முன் பார்வை ஆறுக்கு ஆறு. மறுபடியும் அதே ‘ஒண்ணுமில்லை’, இந்த முறை லெட்டர்ஹெட்டில். டாக்டர் கொடுத்த இரண்டாவது பலகையின் அறிக்கையை இணைத்து மேல்முறையீடு போட்டிருக்கிறேன்.

பதினோரு மாதம் ஆகிறது. டாக்டர் சொன்ன ‘வரவு’ம் வந்துவிட்டது. வலது கண்ணின் மைனஸ் ஆறு ஏழரையாகிவிட்டது, மஞ்சளாக ஒரு மங்கல். புரை. தை மாதத்துக்குள் அதையும் செய்ய வேண்டியிருக்கும். இருந்தும் திரும்பவும் முடிவெடுக்கச் சொன்னால் இதையேதான் எடுப்பேன். அதே சமயம், இந்த இரண்டரை வருடக் காத்திருப்பு வீண் என்றும் சொல்ல மாட்டேன். நிறையப் பேருக்கு ஆறு மாதம், ஒரு வருடத்தில் பூச்சி கீழே இறங்கிவிடுகிறது, இல்லையென்றால் மனம் அதைக் கண்டுகொள்வதை விட்டுவிடுகிறது. உள்பெட்டியில் கேட்ட முப்பது வயதுக்காரர்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்வேன், பொறுங்கள். உங்கள் வயதில் ஜெல் பெரும்பாலும் விழித்திரையோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், ஆபரேஷனில் அதைப் பிரிக்க நேர்ந்தால் கிழிகிற வாய்ப்பு கூடுதல். நாள் முழுக்க வெள்ளைத் திரையைப் பார்க்கிறவர்கள் முதலில் திரையைக் கறுப்பாக்கிப் பாருங்கள்.

இடது கண்ணிலும் போன மாசியில் ஜெல் பிரிந்துவிட்டது. இரண்டு புள்ளி, ஒரு நூல். கிழிசல் இல்லை. "இதையும் செஞ்சுக்கிறீங்களா?" என்று டாக்டர் சிரித்துக்கொண்டே கேட்டார். வேண்டாம் என்றேன். நூல் படிக்கிற வரிக்கு வருவதில்லை, ஓரத்தில் அது பாட்டுக்கு இருக்கிறது.

ஆனால் தலையசைக்கும் பழக்கம் போகவில்லை. நேற்று ஒரு நாவலின் 112ஆம் பக்கத்தில் ‘பல் வருடங்கள்’ என்று இருந்தது. அசைத்துப் பார்த்தேன். நகரவில்லை. ஓரத்தில் ‘புள்ளி எடுக்கவும்’ என்று எழுதினேன்.