நீங்களும் விற்கத்தான் செய்கிறீர்கள், தம்பி

ஞாயிறன்று நம் கல்லூரி முன்னாள் மாணவர் கூட்டத்தில் நடந்ததை வந்தவர்கள் நேரில் பார்த்தீர்கள். வராதவர்களுக்கும் வாட்ஸ்அப்பில் காணொளி வந்திருக்கும். தனியார் வங்கியில் பணக்காரர்களின் முதலீட்டைக் கவனிக்கும் வெல்த் பிரிவில் இருக்கும் அந்தத் தம்பி இறுதியாண்டு மாணவர்களிடம் சொன்னார்: "விற்பனைக்குப் போய் வீணாகாதீர்கள், வெல்த் மேனேஜ்மென்ட்டுக்கு வாருங்கள்." முன்வரிசையில் இருந்த நானும் கைதட்டினேன். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

தம்பி, நீங்கள் செய்வதும் விற்பனைதான். நீங்கள் ஏசி அறையில் காபி கொடுத்து விற்கிறீர்கள். ஏஜென்டான நான் மதுரையில் வீட்டுத் திண்ணைகளில் வீட்டுக்காரர்கள் கொடுக்கும் காபியைக் குடித்து மியூச்சுவல் ஃபண்ட் விற்கிறேன். உங்களிடம் ஒருவருக்கெனத் தனியாகப் பங்குகளை நிர்வகிக்கும் பி.எம்.எஸ். போட 50 லட்சம் வேண்டும், வசதியானவர்களுக்கான கூட்டு முதலீடான ஏ.ஐ.எஃப். என்றால் ஒரு கோடி. என்னிடம் மாதம் 500 ரூபாய் கட்டும் பூக்கார அக்காவும் உண்டு. மியூச்சுவல் ஃபண்ட் விற்க நீங்கள் எழுதியதும் நான் எழுதியதும் அதே என்.ஐ.எஸ்.எம். தகுதித் தேர்வு. மார்ச் மாதம் இலக்கை நினைத்து உங்களுக்கும் தூக்கம் வராது. ஆக, விற்பனைதான்.

"வெல்த் மேனேஜர்கள் உயில், வரி, வாரிசு எல்லாம் பார்க்கிறார்களே" என்பீர்கள். பார்க்கிறார்கள். சரி.

என் பெரியம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. வைப்புநிதி முதிர்ந்த வாரமே வங்கியிலிருந்து ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். "ஒரே தடவை கட்டினால் போதும்மா" என்று ஐந்து லட்சத்துக்கு ஒரு யூலிப், அதாவது முதலீடும் காப்பீடும் கலந்த பாலிசி, விற்றுவிட்டான். அடுத்த ஆண்டு அதே தேதியில் இன்னொரு ஐந்து லட்சம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், பொடி எழுத்தில் பிரீமியம் கட்டும் காலம் 10 ஆண்டுகள். பாலிசியைத் திருப்பிக் கொடுக்கும் கெடு எப்போதோ முடிந்திருந்தது. நிறுத்தினாலும் 5 ஆண்டு முடியாமல் பணம் கைக்கு வராது. பையனைத் தேடிப் போனேன், வேறு வங்கிக்கு மாறிவிட்டானாம். அவன் கொடுத்த அட்டை என்னிடம் இருக்கிறது. வெல்த் மேனேஜர் என்று பொன்னெழுத்தில் அச்சடித்திருக்கிறது.

ஏஜென்டுகள் செய்யாத அநியாயமா என்று கேட்பவர்களுக்கு: செய்கிறார்கள். கமிஷனுக்காக நான் ஆரம்பத்தில் தலையில் கட்டிய ஒரு பாலிசியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஆனால் வாங்கியவர் வீட்டைத் தாண்டித்தான் நான் தினமும் காய்கறி வாங்கப் போக வேண்டும். எனக்கு டிரான்ஸ்பர் கிடையாது. 2020 மார்ச் 23 அன்று பங்குச்சந்தை ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தபோது பூக்கார அக்கா போனில் அழுதார். கொரோனா பயம், நேரில் போக வழியில்லை. பணத்தை எடுக்காதீர்கள் என்று ஒரு மணி நேரம் பேசினேன். எடுக்கவில்லை. இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள், தம்பி? வீணாய்ப்போனது என்றா?

அதே ஆண்டுதான் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, முதலீட்டு ஆலோசகராகப் பதிவு பெறாத விநியோகஸ்தர்கள் ஆலோசகர் என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்றது. நியாயமான விதி. உடனே அட்டையை மாற்றினேன்: மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். எனக்கு அதில் வெட்கமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் மகளுக்கு வரன் பார்க்க ஜாதகத்தோடு வைக்கும் விவரத்தாளை அவளே தட்டச்சு செய்து கொடுத்தாள். தந்தையின் தொழில் என்ற இடத்தில் வெல்த் மேனேஜ்மென்ட் என்று இருந்தது.

நான் திருத்தவில்லை. அப்படியே நாற்பது பிரதி எடுத்தேன்.