பழைய டப்பாவே போதும்

கம்ப்யூட்டரில் டிவி நிகழ்ச்சி பதிவு பண்ண ஐ5 ப்ராசஸரும் தனி கிராபிக்ஸ் கார்டும் வேணும்னு உங்க கட்டுரையில் போட்டிருக்கீங்க. தேவையே இல்லைங்க. சேட்டிலைட் சிக்னல் வரும்போதே சுருக்கப்பட்ட வடிவத்தில்தான் வருது. அதை அப்படியே டிஸ்க்கில் எழுதுறது மட்டும்தான் வேலை. நொடிக்கு 3 மெகாபிட் வர்ற சேனல்னா மணிக்கு 1.35 ஜிபி, அவ்வளவுதான். (மித்டிவிங்கிற பதிவு சாஃப்ட்வேரில் விளம்பரங்களைக் கண்டுபிடிக்கச் சொன்னா மட்டும் ப்ராசஸர் கொஞ்சம் திணறும்.)

எங்க வீட்டில் டிடி ஃப்ரீ டிஷ், 2 ஜிபி ராம் உள்ள பழைய கம்ப்யூட்டர் பெட்டி, அதில் டெபியன் லினக்ஸ், பதிவு பண்ண டிவிஹெட்எண்ட் சாஃப்ட்வேர். பதிவானதைப் பார்க்கிறது கோடி (Kodi) என்கிற பிளேயரில். காசைப் போட வேண்டியது டியூனரில், அதாவது டிஷ் சிக்னலைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கும் கருவியில். அதை இயக்கும் டிரைவர் லினக்ஸ் கர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) இருக்கா, கருவிக்குள் ஏத்துற ஃபர்ம்வேர் ஃபைல் தனியா போடணுமான்னு லினக்ஸ்டிவி விக்கியில் பார்த்துட்டு வாங்குங்க. கட்டண டிடிஎச் சேனல்கள் பூட்டியே வரும், அதை இதில் எதிர்பார்க்காதீங்க.

நான் மாட்டினது வேற இடத்தில். மதர்போர்டு பேட்டரி செத்துப் போயிருந்தது. ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பல வருஷம் பின்னாடி போயிடுச்சு, ரவுட்டரும் எழுந்திருக்காததால் நெட்டில் இருந்து சரியான நேரத்தை எடுக்கவும் முடியலை. அம்மா கேட்டிருந்த மார்கழிக் கச்சேரி போயே போச்சு. ஒரு சிஆர்2032 பேட்டரி பண்ணின வேலை! இப்ப அந்தப் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு யூபிஎஸ் வெச்சிருக்கேன்.