சாம்பியன் மீனை குளோன் செய்தால் இனம் பிழைத்துவிடுமா?

பரிசு வாங்கிய கோய் மீன்களையும் (ஜப்பானிய அலங்காரக் கெண்டை) தங்கமீன்களையும் குளோனிங் மூலம் காப்பாற்றிவிடலாம் என்று மீன் வளர்க்கும் நண்பர்கள் சிலர் ஆசையாகப் பேசுகிறார்கள். அந்த ஆசை புரிகிறது. ஆனால் எனக்கு இதில் உடன்பாடில்லை.

முடியாது என்பதற்காகச் சொல்லவில்லை. 1963லேயே சீனாவில் டோங் டிசோ என்ற விஞ்ஞானி கெண்டை மீனை குளோன் செய்துவிட்டார். கேள்வி, நாம் கேட்கும் மீன் கிடைக்குமா என்பதுதான். 2018ல் ஹிரோஷிமாவில் ஒரு கோஹாகு கோய் (வெள்ளை உடலில் சிவப்புத் திட்டுகள் கொண்ட வகை) 20.3 கோடி யென்னுக்கு ஏலம் போனது. அதை குளோன் செய்தாலும் அதே சிவப்புத் திட்டுகள் அதே இடத்தில் வராது. கரு வளரும்போது நிறமிச் செல்கள் எங்கே போய்ச் சேருகின்றன என்பதை மரபணு மட்டும் முடிவு செய்வதில்லை.

தோசாகின் தங்கமீனைப் பாருங்கள். ஜப்பானின் கொச்சிப் பகுதி மீன். மேலிருந்து பார்க்கும்போதுதான் அதன் அழகே. விசிறி போல விரிந்த வாலின் இரண்டு ஓரங்களும் முன்பக்கம் சுருண்டிருக்கும். அங்கே நடந்த 1945 குண்டுவீச்சிலும் 1946 நிலநடுக்கத்திலும் அநேகமாக அழிந்தே போனது. தப்பியவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில மீன்கள்தான். அவற்றை வைத்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துதான் மீட்டார்கள். இன்றும் குஞ்சுகளை ஆழமில்லாத வட்டத் தொட்டிகளில் வளர்க்கிறார்கள். வட்டமடித்து நீந்தினால்தான் அந்த வால் சரியாக அமையும். அந்தத் தொட்டியும் அதைப் பார்த்துக்கொள்ளும் கையும் இல்லாமல், மரபணு மட்டும் கிடைத்து என்ன பயன்?

இன்னொரு பயமும் இருக்கிறது. குளம் முழுக்க ஒரே மரபணு என்றால், கோய் ஹெர்பிஸ் வைரஸ் போல ஒன்று நுழையும்போது தாக்குப்பிடிக்க ஒரு மீன்கூட இல்லாமல் போகலாம்.

சரி, சேமிப்பே வேண்டாமா? கட்டாயம் வேண்டும். 2004 அக்டோபரில் ஜப்பானின் நீகாத்தா நிலநடுக்கத்தில், கோய் வளர்ப்புக்குப் பேர்போன யமகோஷியின் குளங்கள் உடைந்து, பல வருட உழைப்பில் உருவான தாய் மீன்கள் ஏராளமாகச் செத்தன. மீன் முட்டையில் மஞ்சள்கரு அதிகம், உறையவைத்தால் பிழைப்பதில்லை. விந்தணுக்களை உறையவைக்கலாம். டோக்கியோவில் யோஷிசாகி என்ற ஆய்வாளரின் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. டிரவுட் மீனின் இனப்பெருக்க மூலச்செல்களை மலட்டு சால்மன் குஞ்சுகளுக்குள் வைத்தார்கள். அவை வளர்ந்து டிரவுட் முட்டையும் விந்துமே தந்தன. 2007ல் வெளிவந்த ஆய்வு இது. அதாவது, செல்களைச் சேமித்து வைத்தால் அவற்றிலிருந்து முட்டையையும் திரும்பப் பெறலாம்.

செலவழிக்க மனமுள்ளவர்கள் இந்த வழிக்குச் செலவழியுங்கள். ஒரு சாம்பியனை மட்டும் பிடித்துக்கொள்ளாமல், ஒவ்வொரு வம்சத்திலிருந்தும் பல மீன்களின் செல்களைச் சேமியுங்கள். அப்புறம், வயதான பண்ணையாளரிடம் நல்ல குஞ்சுகளைப் பார்த்துப் பொறுக்கியெடுக்கக் கற்றுக்கொள்ள வரும் இளைஞனுக்கு ஒழுங்கான சம்பளம் கொடுங்கள்.