பாசிம் கையில் நேரான வாளைக் கொடுத்திருக்க வேண்டும்

அசாசின்ஸ் கிரீட் வரிசையில் 2023ல் வந்த மிராஜ் எனக்கு ரொம்பப் பிடித்த கேம். முதலிலேயே அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் அதன் மீதான குறைதான். கதை நடப்பது கி.பி. 861ல், அப்பாசிய கலீஃபாக்களின் பாக்தாதில். தெருவில் களவாடிப் பிழைக்கும் பாசிம் ஒரு ரகசிய அமைப்பில் சேர்கிறான். அலமூத் மலைக்கோட்டையில் பயிற்சி பெற்று, ஒரு கையில் வளைந்த வாள், மறு கையில் குத்துவாள் என்று நகரத்துக்குத் திரும்பி வருகிறான். விளம்பரப் படத்தைப் பார்த்த பலருக்கு அந்த வளைவு இயல்பாகத்தான் பட்டிருக்கும். எனக்கு அது உறுத்துகிறது. அந்த ஊரில், அந்த வருடத்தில், அப்படி ஒரு இளைஞன் கையில் இருந்திருக்க வேண்டியது நேரான வாள்.

அரபுலகம் என்றாலே வளைந்த வாள் என்று நம் எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையில் நபிகளுடையவை, முதல் கலீஃபாக்களுடையவை, தோழர்களுடையவை என்று போற்றிப் பாதுகாக்கப்படும் வாள்களின் படங்களைத் தேடிப் பாருங்கள். பிடியும் உறையும் பிற்காலத்தில் பொன்னும் மணியும் வைத்து மாற்றப்பட்டவை. அலகை மட்டும் பாருங்கள். பெரும்பாலானவை நேராக, அகலமாக, இருபுறமும் கூருள்ளவை. சுல்தான் சலாவுதீன் ஹத்தீனில் சிலுவைப் போர் வீரர்களை முறியடித்த 1187லும் அவருடைய படையினரில் பலர் கையில் நேர்வாள்தான் இருந்தது. ஆழமாக வளைந்த வாள் அந்தப் பகுதியில் பரவலானது அதற்கும் வெகுகாலம் கழித்து.

சரி, வளைந்த வாள் எங்கிருந்து வந்தது? புல்வெளிகளிலிருந்து. குதிரை மேலேயே வாழ்ந்த அவார்கள், கசார்கள், துருக்கிய இனக்குழுக்கள் ஆகியோரின் கல்லறைகளில் 7, 8ஆம் நூற்றாண்டு முதலே ஒருபக்கம் மட்டும் கூருள்ள, லேசாக வளைந்த வாள்கள் கிடைக்கின்றன. வியன்னாவில், பேரரசர்களின் கருவூலத்தில் சார்லமேனுடைய வாள் என்ற பெயரில் ஒன்று இருக்கிறது. பெயர்தான் அவருடையது. செய்தவர்கள் கிழக்கு ஐரோப்பியக் கைவினைஞர்கள், காலம் 9ஆம் நூற்றாண்டின் கடைசி அல்லது 10ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அதிலும் வளைவு மென்மையாகத்தான் இருக்கிறது. சினிமாவில் வருகிற மாதிரி அகன்று சுருண்டு நிற்காது.

குதிரைக்காரனுக்கு வளைவு ஏன் உதவுகிறது என்பது சமையலறையில் நிற்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தக்காளியின் மேல் கத்தியை வைத்து அழுத்தினால் நசுங்கும், இழுத்தால் அறுபடும். ஓடுகிற குதிரையிலிருந்து வீசும்போது, வளைந்த அலகு வெட்டுப்பட்ட இடத்தில் தானாகவே வழுக்கி இழுபடுகிறது. சிக்கிக்கொள்ளாமல் வெளியே வந்தும் விடுகிறது. ஆனால் குத்துவதற்கு அது தோதானதல்ல. வளைவு கூடக் கூட, கையின் திசையும் முனையின் திசையும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகும்.

ரகசிய அமைப்பின் வேலை என்ன என்பதை இங்கே யோசிக்க வேண்டும். கூட்டத்தில் கலந்து, ஆளை நெருங்கி, ஒரே குத்து. இந்த அமைப்பைக் கற்பனை செய்ய கேம்காரர்களுக்கு அடிப்படையாக இருந்த நிஜ மனிதர்கள் ஷியா முஸ்லிம்களில் ஒரு பிரிவினரான நிசாரி இஸ்மாயிலிகள். ஹசன் இ சப்பாஹ் 1090ல் அலமூத் கோட்டையைக் கைப்பற்றினார். 1092ல் செல்ஜுக் பேரரசின் வஜீர் (தலைமை அமைச்சர்) நிஜாமுல் முல்கை, சூஃபி வேடத்தில் வந்த ஒருவன் நஹாவந்துக்கு அருகே குத்திக் கொன்றான். 1176ல் அசாஸ் கோட்டை முற்றுகையின்போது சலாவுதீன் மேல் பாய்ந்தவனின் கத்தி தலையில் பட்டது. தலைப்பாகைக்குள் இரும்பு வளையங்களால் பின்னிய தொப்பி இருந்ததால் அவர் பிழைத்தார். 1192 ஏப்ரல் 28 அன்று தைர் நகரத் தெருவில் சிலுவைப் போர்த் தலைவர் மான்ஃபெராட்டின் கான்ராடை இரண்டு பேர் தாக்கினார்கள். அவர்கள் கிறிஸ்தவத் துறவிகள் போல நடமாடி வந்தவர்கள். இந்த மூன்று சம்பவங்களிலும் ஆயுதம் குத்துவாள்தான். ஃபிதாயிகள், அதாவது உயிரைப் பணயம் வைத்துக் கொல்லப் போன இந்த ஆட்கள், அதையே திரும்பத் திரும்ப எடுத்ததற்குக் காரணம் எளிது: அங்கிக்குள் மறையும், நெரிசலில் உருவ முடியும், நேராக இறங்கும்.

1191ல் நடக்கும் முதல் கேமில் (அது வந்தது 2007ல்) மணிக்கட்டுக்குள்ளிருந்து பாயும் கத்தியைக் கொடுத்தார்களே, அது முழுக்கக் கற்பனை. இருந்தும் அந்தக் கற்பனை நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நேரான சிறு அலகு, மறைவு, நெருக்கம் என்று ஃபிதாயியின் குத்துவாளுக்கு இருந்த குணம் முழுக்க அதில் வந்துவிட்டது. இட்டுக்கட்டினாலும் வரலாற்றின் போக்கைப் புரிந்துகொண்டு இட்டுக்கட்டியிருக்கிறார்கள். வாளிலும் அதே கவனத்தைத்தான் கேட்கிறேன்.

861 என்ற வருடத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஒரு வாளின் கதை தயாராகக் கையில் இருந்தது. அந்த வருடம் டிசம்பரில் கலீஃபா அல் முதவக்கில் சாமர்ராவில் தன் துருக்கியக் காவலர்களாலேயே கொல்லப்பட்டார். வரலாற்றாசிரியர் அல் மஸ்ஊதி, அரசவைக் கவிஞர் அல் புஹ்துரியின் வாய்மொழியாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். பஸ்ராவில் ஈடிணையில்லாத இந்திய வாள் ஒன்று இருப்பதாக கலீஃபாவின் காதுக்கு எட்டுகிறது. வாங்கி அனுப்பச் சொல்லி ஆளுநருக்குக் கடிதம் போகிறது. அதற்குள் யேமனைச் சேர்ந்த ஒருவர் அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். விடாமல் யேமனுக்கே ஆள் அனுப்பி, பெரும் பணம் கொடுத்து வாளை வரவழைக்கிறார்கள். அதைப் பார்த்து மகிழ்ந்த கலீஃபா, தான் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் இந்த வாளோடு பக்கத்தில் நிற்க ஒரு வீரன் வேண்டும் என்கிறார். பாகிர் என்ற துருக்கியக் காவலனை நிறுத்துகிறார்கள். வாள் அவன் கைக்குப் போகிறது, சம்பளமும் உயர்கிறது. புஹ்துரி சொல்வதாக மஸ்ஊதி எழுதியிருப்பது இதுதான்: கலீஃபாவை வெட்டிய அந்த இரவு வரைக்கும் அந்த வாள் உறையை விட்டு வெளியே வரவே இல்லை.

கேமில் முதவக்கிலின் சாவு கதையின் தொடக்கத்திலேயே வருகிறது. அதை அவர்கள் வேறு விதமாகப் பின்னியிருக்கிறார்கள். கதை என்பதால் அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் எந்த வாள் எங்கிருந்து வந்தது என்பதைக் கலீஃபாவே கடிதம் போட்டு விசாரிக்கிற அளவுக்கு வாளை நேசித்த ஒரு காலம் அது. அந்த நேசத்தை கேமில் எங்கேயும் பார்க்க முடியவில்லையே என்பதுதான் வருத்தம்.

அதே காலத்தில் அதே பாக்தாதில் அல் கிந்தி வாழ்ந்தார். தத்துவம், கணிதம், இசை, மருத்துவம் என்று கைவைக்காத துறை இல்லை. அவர் கலீஃபா அல் முஅதஸிமுக்காக வாள்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். வாள்களை எஃகின் தரத்தையும் அது வந்த ஊரையும் வைத்து வகை பிரிக்கிறார். யேமன் வாள், இந்திய வாள், சரந்தீப் எஃகில் செய்த வாள் என்று போகிறது. சரந்தீப் என்றால் நம் பக்கத்து இலங்கைதான். அங்கே சமனலவெவ பகுதியில் மலைச்சரிவுகளில் பழைய இரும்பு உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற மாதங்களில் துருத்தி இல்லாமல் காற்றின் வேகத்திலேயே எரிந்த உலைகள். அதே மாதிரி உலை கட்டி எரித்துப் பார்த்தபோது கார்பன் மிகுந்த எஃகு கிடைத்தது. அந்த ஆய்வு 1996ல் நேச்சர் இதழில் வெளிவந்தது. அந்த உலைகள் எரிந்த நூற்றாண்டுகளுக்குள்ளேயே அல் கிந்தியின் காலமும் அடங்குகிறது. பாக்தாத் கடைவீதியில் ஒரு வாள் வியாபாரி அலகைத் திருப்பித் திருப்பிக் காட்டி அதன் நீரோட்டக் கோடுகளைப் பற்றிப் பேசுகிற ஒரே ஒரு காட்சி வைத்திருந்தால் போதும், இந்தியப் பெருங்கடல் வணிகம் முழுவதும் அந்த இடத்தில் வந்து நின்றிருக்கும்.

வளைவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முஅதஸிம் 836ல் தலைநகரை சாமர்ராவுக்கு மாற்றியதற்கு முக்கியக் காரணமே அவர் மத்திய ஆசியாவிலிருந்து கொண்டுவந்த துருக்கியப் படைக்கும் பாக்தாத் மக்களுக்கும் ஏற்பட்ட மோதல்தான். அந்தக் காவலர்களில் சிலரிடம் புல்வெளி மரபின் லேசாக வளைந்த வாள் இருந்திருந்தால் ஆச்சரியமில்லை. அப்படியானால் காவலன் இடுப்பில் வளைந்த வாள், பாக்தாத் பையன் பாசிம் இடுப்பில் நேரான வாள். ஒரு வசனம் இல்லாமல் ஊரின் அரசியல் முழுவதும் ஆட்டக்காரருக்குப் புரிந்திருக்கும். தூரத்தில் வருகிறவன் யார் என்பதை வாளின் கோட்டை வைத்தே கண்டுபிடிக்கலாம். மறைந்து ஆடுகிற கேமுக்கு இதைவிட என்ன வேண்டும்?

"கேம்தானே, விடுங்க" என்று சொல்வீர்கள். கலீஃபா அல் மன்சூர் 762ல் கட்டத் தொடங்கிய வட்ட நகரத்தின் சுவடு இன்று தரைக்கு மேல் எதுவும் இல்லை. அதை நூல்களில் உள்ள வர்ணனைகளை வைத்துத் திரும்பக் கட்டியவர்கள் இவர்கள். பாக்தாதின் வரலாற்றைப் படிக்க கேமுக்குள்ளேயே தனிப் பகுதி வைத்தவர்கள். அக்காலத்துப் புகழ்பெற்ற நூலகமான அறிவு இல்லத்துக்குள் நம்மை நடக்கவிட்டவர்கள். அக்கறையே இல்லாதவர்களிடம் நான் இவ்வளவு கேட்டிருக்க மாட்டேன்.

அப்புறம், இந்த வளைவு எங்கோ ஓர் ஓவியர் மறதியாக வரைந்தது இல்லை. அதற்கு நீண்ட பாதை இருக்கிறது. 1453ல் கான்ஸ்டான்டினோபிள் விழுந்த பிறகு, ஐரோப்பாவின் பயம் முழுக்க உஸ்மானியத் துருக்கியர் மேல். அவர்கள் கையிலிருந்த வளைந்த வாளை அங்குள்ள ஓவியர்கள் எல்லாக் காலத்துக் கிழக்கத்தியர் கையிலும் கொடுத்தார்கள், பைபிள் காட்சிகள் உட்பட. 1825ல் வால்டர் ஸ்காட் எழுதிய 'தி டாலிஸ்மன்' நாவலில் இங்கிலாந்தின் ரிச்சர்ட் மன்னன் கனத்த நேர்வாளால் இரும்புத் தண்டை வெட்டுகிறான். சலாவுதீன் மெல்லிய வளைந்த வாளால் பட்டுத் தலையணையை இரண்டாக்குகிறார். அங்கே பலம், இங்கே தந்திரம் என்று ஆகிவிட்டது. இருவர் காலத்து வாள்களும் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லாத நேர்வாள்கள் என்ற உண்மை அந்தக் காட்சியில் காணாமல் போனது. இத்தனைக்கும் இங்கிலாந்தில் டரம் பேராலயத்தில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கான்யர்ஸ் வாள் இருக்கிறது. முதுகு நேராகவும் கூர்ப்பக்கம் முனையை நோக்கி அகன்று வளைந்தும் இருக்கும். புது பிஷப் வரும்போது மரியாதையாகக் காட்டப்படுகிற கிறிஸ்தவ வாள். கிழக்கு என்றால் வளைவு, மேற்கு என்றால் நேர் என்ற கணக்கு அப்போதும் இல்லை.

இதே பழக்கம் இந்த வரிசையின் ஒரிஜின்ஸ் கேமிலும் உண்டு. கி.மு. 49ன் எகிப்தில் அரிவாள் போல வளைந்த வாள்கள் வருகின்றன. துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த அந்த கோபேஷ் வகை, ஜூலியஸ் சீசர் எகிப்துக்கு வருவதற்கு ஆயிரம் வருடங்களுக்கும் மேல் முன்பே போர்க்களத்தை விட்டுப் போய்விட்டது.

இந்த வரிசையில் வளைந்த வாள் தன் சொந்த வீட்டில் இருப்பது 2011ல் வந்த ரெவலேஷன்ஸில். களம் 1511, உஸ்மானியர்களின் கான்ஸ்டான்டினோபிள், சுல்தான் இரண்டாம் பயசித்தின் கடைசிக் காலம். அந்த ஊரில் ரகசிய அமைப்பை நடத்தும் யூசுஃபும் அவன் ஆட்களும் வளைந்த கிலிஜ் வாளோடு கூரை மேல் ஓடினால் ஒரு நெருடலும் இல்லை. அது அந்த ஊரின் வாள், அந்தக் காலத்தின் வாள். உஸ்மானியக் கிலிஜின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், என்ன ஒரு அழகு! பிடியிலிருந்து பாதிக்கு மேல் அலகு கிட்டத்தட்ட நேராகவே போகும். பிறகு வளையும். கடைசி மூன்றில் ஒரு பங்கில் முதுகுப்பக்கம் ஒரு படி போல எழும்பி அகன்று, அங்கே மட்டும் பின்பக்கமும் கூராக்கப்பட்டிருக்கும். அதை யெல்மன் என்பார்கள். வீச்சின் கனம் முனைக்குப் போகிறது, தேவைப்பட்டால் குத்தவும் முடிகிறது. இந்த அகலத்தால் உறையின் வாய் வழியாக நேரே இழுக்க முடியாது என்பதால், பல கிலிஜ் உறைகளின் முதுகில் வாய்க்குக் கீழே ஒரு பிளவு விட்டிருப்பார்கள். அலகு பக்கவாட்டில் நழுவி வெளியே வரும். எத்தனையோ கேம்களில் வளைந்த வாளை உருவுகிற காட்சி வந்துவிட்டது, இந்தப் பிளவைக் காட்டிய ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

அடுத்து அலமூத்துக்கே திரும்பப் போகிற எண்ணம் அவர்களுக்கு இருந்தால், 1256 இருக்கிறது. ஹுலாகுவின் மங்கோலியப் படை கோட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கிய வருடம். அதற்கு இரண்டு வருடம் கழித்து பாக்தாதும் விழுந்தது. முற்றுகையிட்ட குதிரைப் படையிடம் வளைந்த வாள், கோட்டைக்குள் இருந்தவர்களிடம் நேர்வாளும் குத்துவாளும். அப்படி ஒரு கேம் வந்தால் வெளிவருகிற அன்றைக்கே வாங்கிவிடுவேன். அதுவரைக்கும், பிசியில் மாட் செய்யத் தெரிந்தவர்கள் யாராவது பாசிமின் வாளை மட்டும் மாற்றிக் கொடுத்தால் கமென்ட்டில் லிங்க் போடுங்கள்.