ஆறு பேர்தான்னா மட்டும் போதாது
மாற்றுத்திறனாளிகள் தங்குற ஹோம் சின்னதா இருந்தா கவனிப்பு தானாவே நல்லா இருக்கும்னு எழுதியிருக்கீங்க, எனக்கு அப்படி தோணல. என் தம்பிக்கு அறிவுசார் குறைபாடு, பேச்சும் ரொம்ப கம்மி, அவன் இருந்த வீட்ல மொத்தமே ஆறு பேர்தான் ஆனா ஸ்டாஃப் மாறிட்டே இருந்தாங்க, அவன் தலையில அடிச்சுக்கிட்டப்போ கோவம்னு நினைச்சு அமைதிப்படுத்துற மாத்திரை குடுக்கலாமான்னு கேட்டாங்க, கடைசில பாத்தா பல்வலி. அங்க ரெண்டு வருஷமா நின்ன ஒரே ஒரு அக்காதான் அவன் ஒரு பக்கமாவே மெல்லுறத கவனிச்சு சொன்னாங்க. மலச்சிக்கல், வலிப்பு, சாப்பிடறப்போ புரையேறுறது இதெல்லாம் கவனிக்கலன்னா உயிருக்கே ஆபத்துங்க, இவன மாதிரி சொல்ல முடியாதவங்கள நல்லா தெரிஞ்ச ஆள் பக்கத்துல இருக்கணும். எங்க, யாரோட வாழணும்னு அவங்களே முடிவு பண்ணலாம்னு மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2006 ஐநா ஒப்பந்தம் 19வது பிரிவுல இருக்கு, ஆனா எத்தனை மணிக்கு தூங்கணும்னு கூட என் தம்பிகிட்ட யாரும் கேட்டதில்ல.