மவுண்டன் சைக்கிளில் சேற்றுக்கு அகல டயரா?
"சேறு என்றால் கண்ணை மூடிக்கொண்டு அகலமான டயர் போடுங்கள், காற்றையும் கல்லு மாதிரி ஏற்றுங்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். மணலுக்கு அகலம் சரி. சேற்றில் அது மேலாகவே வழுக்கும், அடியில் உள்ள கெட்டி மண்ணைப் பிடிக்காது. அப்புறம் ஃபோர்க்குக்கும் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) டயருக்கும் நடுவே களிமண் அப்பிச் சக்கரமே நின்றுவிடும். குச்சியால் நோண்டி நோண்டி நான் பாதி வழி நடந்திருக்கிறேன்!

2 முதல் 2.3 அங்குல அகலம் போதும். டயரில் துருத்திக்கொண்டிருக்கும் பட்டன்கள் உயரமாக, இடைவெளி விட்டு இருக்க வேண்டும்; நெருக்கமாக இருந்தால் மண் உதிராது. காற்றை வழக்கத்தைவிட 2, 3 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறையுங்கள், ஈரமான வேரில்கூடப் பிடி கிடைக்கும். டியூப் டயரில் மட்டும் ரொம்பக் குறைக்காதீர்கள். கல்லில் இடித்தால் டியூப் ரிம்மில் நசுங்கிப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும்.